குதிரைக்கு முன்னால் வந்த குரல்

ஒருவர் உலகத்தைத் துறந்ததால் எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதன் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். எண்பதுகளின் நடுவில் அங்கே வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரர், எல்லாப் பற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்லி, பெட்டிக்குள் மிச்சமிருந்த கடைசிப் பற்றை என் கையில் கொடுத்துவிட்டு மலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதில் டைப் மெஷின் மாதிரி ரப்பர் கீக்கள். டி.வி.யில் செருகினால் படம் வரும். டேப் ரெக்கார்டரில் செருகினால் நாம் எழுதிய புரோகிராம் கீச்சென்ற சத்தமாகக் கேசட்டில் ஏறும். அவருக்கு ஞானம் வந்ததா என்று தெரியாது. எனக்கு மூக்குக் கண்ணாடி வந்தது.

நான் அப்போது தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். டைப் அடிக்கிற கை சும்மா இருக்குமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். நான் செய்த முதல் அசையும் படம் கார்த்திகை தீபம். ஒரு முக்கோணம்தான் மலை, உச்சியில் தீபம் ஆட வேண்டும். ஆடத்தான் செய்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் மலைமேல் சேவல் நிற்கிறது என்றார்கள். என் மனைவி மட்டும் எனக்காகப் பரிந்து பேசினாள். "சேவல் எல்லாம் இல்லிங்க. காலிஃப்ளவர்."

இந்தக் கிறுக்கு ஊரில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ரேடியோ ரிப்பேர் கடையில், கம்ப்யூட்டருக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவில் போகிற ஒயரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எரிச்சலாகிவிட்டார்.

"இன்னாபா இது, காலைலதான் ஒருத்தர் இதே ஒயரைக் கேட்டு உசுரை வாங்கிட்டுப் போனாரு. தேரடித் தெருவுல பட்டன் கடை பாய்."

அப்படியே நேராக அந்தக் கடைக்குப் போனேன். பட்டன், நூல், ஜிப், எலாஸ்டிக் விற்கிற கடை. பெரியவர் கல்லாவில் இருந்தார். அவருடைய மகன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன், உள்ளே தரையில் கட்டம் போட்ட துணியை விரித்து, கட்டத்துக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் எந்த உருவம் வரைந்தாலும் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பித்தான் வரைய வேண்டும். நான் காகிதத்தில் பென்சிலால் நிரப்பி, ரப்பரால் அழித்து, காகிதத்தையே ஓட்டையாக்கிவிடுவேன். இவன் பட்டனை வைத்துப் பார்க்கிறான், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுகிறான்.

"இது இன்னா, நாயா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "குதிரைங்க. ஜட்கா வண்டிக் குதிரை."

"கால் ஒண்ணு கம்மியா இருக்கே?"

"அந்தக் காலைத்தான் இப்ப அந்தம்மா ஜாக்கெட்டுக்கு வாங்கிட்டுப் போகுது" என்று வாசலைக் காட்டினான். கல்லாவில் இருந்த பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிலிருந்து அவன் எனக்குப் பாய், நான் அவனுக்கு அண்ணன். பெரியவர் துபாயில் இருந்த மருமகனிடம் மிக்ஸி கேட்டிருந்தாராம். மருமகன், மச்சானான இவன் பேச்சைக் கேட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பெயரே மிக்ஸிதான்.

மூன்றாவது ஆளும் கிடைத்தார். பாய்க்கு நூல் அனுப்புகிற மொத்த வியாபாரி, வேலூரில் ஒரு பாங்க் கிளார்க்கிடம் இதே பெட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கிளார்க் தனிக்கட்டை. பனியனைக்கூட இஸ்திரி போட்டு அணிகிற மனிதர். அவர் செய்த படங்களில் மழை மட்டும்தான் பெய்யும். சாய்ந்த மழை, நேர் மழை, நின்று நின்று பெய்யும் மழை. வேலூர்க்காரர் மழையைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் அந்த மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் வீட்டில் கொடியில் காயும் துணியை எடுக்க யாராவது எழுந்துவிடுவார்கள்.

எங்கள் மூவருக்கும் நடுவே ஒரு கேசட் சுற்றியது. கிரிவலக் கேசட் என்று அதற்குப் பெயர் வைத்தேன். வேலூருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் அங்கே சேர்த்துவிடுவார். அதற்கு ஒரு முறை உண்டு. கேசட் கைக்கு வந்ததும் அதில் இருக்கும் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆசை தீர ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நம் சொந்தக் கேசட் ஒன்றில் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். அப்புறம் கிரிவலக் கேசட்டை முதலிலிருந்து சுற்றி, பழையதன் மேலேயே நம்முடைய புதுப் படத்தைப் பதிந்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பாட்டுக் கேசட்டைப் போல டேப்பிலிருந்து டேப்புக்கு நகல் எடுக்க மாட்டோம். அப்படி எடுத்தால் இரைச்சல் சேர்ந்து புரோகிராம் கெட்டுவிடும். கம்ப்யூட்டர் வழியாக எடுத்தால் தூசி தும்பு இல்லாமல் வரும். சுத்தமாக எடுப்பது என்று அதற்குப் பெயர். சுத்தமாக எடுப்பதில் எங்கள் மூன்று பேருக்கும் ரொம்பப் பெருமை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கேசட்டில் எது என்ன என்று தெரிய வேண்டுமே? அதனால் பதிவதற்கு முன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டேப் ரெக்கார்டரில் வாயால் பெயர் சொல்லிவிடுவோம். வேலூர்க்காரர் "மழை, ஏழாவது" என்பார், அவ்வளவுதான். பாய் அப்படி விடமாட்டான். பஸ் ஸ்டாண்டு மைக்கில் கூப்பிடுகிற மாதிரி இழுத்து, கொஞ்சம் கரகரத்த குரலில் ஆரம்பிப்பான்.

"அண்ணே, இது குதிரை. குதிரை மாதிரி தெரியலைன்னா கழுதைன்னு வச்சுக்கோங்க. அதுவும் தெரியலைன்னா கண்ணாடிய மாத்துங்க. சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தி வைங்க. இதோ வந்துட்டான்."

அப்புறம் கீச்சென்று புரோகிராம் வரும். குதிரை உண்மையாகவே நன்றாக இருந்தது. திரைக்கு நடுவில் அது ஓடும். பின்னால் தேரடித் தெருக் கடைகள் ஒவ்வொன்றாக நகரும். பட்டன் கடையும் வரும், உள்ளே கல்லாவில் ஒரு தலையும் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே கலை பிறர் மாதிரி பேசுவது. எங்கள் தாசில்தார் மாதிரி பேசி, பக்கத்து அறையில் இருந்த ப்யூனை எழுந்து ஓட வைத்திருக்கிறேன். பாயின் குரல் எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. என்னுடைய காலிஃப்ளவர் தீபத்துக்கு முன்னால் பாய் குரலில் பேசி வேலூருக்கு அனுப்புவேன். அவர் பாய்தான் அனுப்பினான் என்று நினைத்து, "உன் தீபம் பரவால்ல, அவருதுதான் காலிஃப்ளவர்" என்று அவனுக்குச் சொல்லி அனுப்புவார். பாய் கடையில் விழுந்து விழுந்து சிரிப்பான். "அண்ணே, நான் ஊர்ல இல்லாதப்ப எங்கூட்டுக்குப் போயி சோறு கேட்டீங்கன்னா போட்டுடுவாங்க" என்பான்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. குழந்தை 'ங்கா' சொல்ல ஆரம்பித்ததும், அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவன் மனைவி டேப் ரெக்கார்டரைக் கேட்டாளாம். கூடாது என்றிருக்கிறான். கம்ப்யூட்டர் சத்தம் சரியாக வாங்குவதற்காக டேப் ரெக்கார்டரின் உள்ளே ஒரு திருகைத் திருகித் திருகி ஒரு நிலையில் நிறுத்தி வைத்திருந்தான். யாராவது தொட்டால் அசைந்துவிடும் என்று பயம். "வேற ஒண்ணு வாங்கித் தரேன், அதுல நானும் பாப்பாவும் சேர்ந்து பாடறோம்" என்று மனைவியிடம் சொன்னதாக என்னிடம் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டிலும் அந்தப் பெட்டி வந்த நாள் முதல் சினிமாப் பாட்டு கிடையாது.

மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "அண்ணே, நம்ம டி.வி.ல கலர் இல்லைன்னு பாத்தா எனக்கே வந்துடுச்சு" என்றான். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பதிலுக்கு ஒரு கிண்டல் கிடைக்கவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை. கபர்ஸ்தானில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து பெரியவர் என் ஆபீசுக்கு வந்தார். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி, ஒரு விசயம். மருமவ சொல்லுது, அவன் உங்களுக்கெல்லாம் கேசட்டுல பேசி அனுப்புவானாமே?"

"ஆமாங்க."

"எங்க வீட்ல அவன் குரல் ஒண்ணும் இல்ல தம்பி. போட்டோ இருக்குது. குரல் இல்ல. புள்ள பெருசானா அத்தா எப்படிப் பேசுவாருன்னு தெரியணும்னு அது கேக்குது. ஒரு கேசட் குடுத்தீங்கன்னா கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்."

"ஒண்ணு இன்னாங்க, ஒரு பையே தரேன்" என்றேன். "நீங்களே போதும்னு நிறுத்தற அளவுக்குப் பேசியிருக்கான்."

மகன் போன பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கேசட்டுகளை எல்லாம் கூடத்தில் பரப்பினேன். கம்ப்யூட்டரில் செருகாமல் டேப் ரெக்கார்டரில் போட்டு நேரடியாகக் கேட்டேன். கீச்சென்று ஒரு புரோகிராம், கொஞ்சம் அமைதி, மறுபடி கீச். உறையில் எழுதி வைத்திருந்தபடி குதிரை இருந்தது. பம்பரம் இருந்தது. அவன் செய்த தையல் மெஷின் இருந்தது. எல்லாமே சுத்தமாக இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் குரலை வாங்காது. அது புரோகிராமை மட்டும்தான் வாங்கும். நான் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் வழியாகச் சுத்தமாக எடுத்தபோது, அதற்கு முன்னால் அவன் பேசியதெல்லாம் பொட்டலம் சுற்றி வந்த காகிதம் மாதிரி வெளியே போயிருந்தது. அவன் பேசிய மூலக் கேசட்டின் மேலேயோ நான் என்னுடைய படத்தைப் பதிந்து வேலூருக்கு அனுப்பியிருந்தேன்.

என் குரல் மட்டும் ஏராளமாக இருந்தது. "தீபம், திருத்தியது." "தீபம், மறுபடி திருத்தியது." "இது நிச்சயமாகத் தீபம்." கேட்கக் கேட்க என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கடைசிக் கேசட் ஒன்றில் திடீரென்று, "அண்ணே, இது குதிரை" என்று கேட்டது.

"ஏய், இங்க வா! பாய் கிடைச்சுட்டான்!" என்று கத்தினேன். என் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் குனிந்து கேட்டோம். அதே இழுப்பு, அதே கரகரப்பு. "...இதோ வந்துட்டான்" என்று முடிந்தது. முடிந்த பிறகு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. அது என் சிரிப்பு. வேலூர்க்காரரை ஏமாற்றுவதற்கு முன்னால் நான் செய்து பார்த்த ஒத்திகை அது.  என் மனைவி உள்ளே போய்க் கையைக் கழுவினாள்.

மறுநாள் லீவு போட்டு வேலூருக்குப் போனேன். கேசட்டுகளை அவர் அட்டைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். அவர் என்னைவிடச் சுத்தம். தன் குரலைக்கூட விட்டு வைக்கவில்லை. கிரிவலக் கேசட்டும் அவரிடம்தான் இருந்தது. அதில் அவருடைய மழை, முதலிலிருந்து கடைசிவரை நீளமாக. கடைசியாகப் பாய் நேரே அவருக்கே இரண்டு படம் அனுப்பியிருந்தான்; அந்த மழைக்கு அடியில்தான் இரண்டாவதற்கு முன் அவன் பேசிய கடைசிக் குரல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சின்னதா எழுதியிருக்கலாம்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீங்கதான் அவன் மாதிரியே பேசுவீங்களே. பேசிக் குடுத்துடுங்களேன். எனக்கே வித்தியாசம் தெரிஞ்சதில்ல."

"உங்களுக்குத் தெரியாது சார். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சாலும் குழந்தைக்குத் தெரியாதே."

 திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். கண்ணமங்கலம் தாண்டியதும் என்னை அறியாமல் வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்திருக்கிறேன் போல. "பாப்பா, அத்தா பேசறேன்." முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். குரல் அவ்வளவு பொருத்தமாக வந்தது. பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை தொண்டையைக்கூடச் செருமவில்லை.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். குதிரை இருந்த கேசட், நான் பாய் மாதிரி பேசிய கேசட். பெரியவர் கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்காரச் சொன்னார். குழந்தை அவர் மடியில் இருந்தது. மருமகள் உள்ளறையில், திரைக்குப் பின்னால். கணவனை இழந்த பெண் வெளியார் கண்ணில் படாமல் இருக்கிற இத்தா காலம் அது.

நடந்ததை எல்லாம் சொன்னேன். சுத்தமாக எடுத்தது, குரல் போனது, ஒரே ஒரு கேசட்டில் இருக்கிற குரல் நான் விளையாட்டுக்குப் பேசியது என்பது. பெரியவருக்குப் பாதி புரிந்திருக்கும்.

"அவன் இல்ல, நீங்க. அவன் மாதிரி" என்றார்.

"ஆமாங்க."

"போடுங்க, கேப்போம்."

அவனுடைய டேப் ரெக்கார்டரிலேயே போட்டேன். "அண்ணே, இது குதிரை..." பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவனேதான்" என்றார், குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு. "அப்படியே அவனேதான் தம்பி." சிரிப்பு வருவதற்குள் நான் நிறுத்திவிட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினாள். "மாமா, இன்னொரு தரம் போடச் சொல்லுங்க."

இன்னொரு தரம் போட்டேன்.

"வேணாம் மாமா" என்று குரல் வந்தது. அழுகை இல்லை. யோசித்துப் பேசுகிற குரல். "அண்ணன் நல்லா பேசறாரு. ரொம்ப நல்லா பேசறாரு. அதான் வேணாங்கறேன். இதையே போட்டுக் கேட்டுக்கினு இருந்தா எனக்கு இதுதான் நிக்கும். அவரு குரல் போயிடும். இப்பவரைக்கும் அது என் காதுல இருக்குது."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதை அழிச்சுடச் சொல்லுங்க மாமா. இங்கேயே."

அழிப்பது சுலபம். முனையில் ஒன்றுமே இல்லாத ஒயரைச் செருகி, பதிகிற பொத்தானை அழுத்தினால் போதும், வெறும் அமைதி பதியும். ஒயர் செருகியிருந்ததால் நாங்கள் பேசினாலும் அதில் ஏறாது. ஆனாலும் யாரும் பேசவில்லை. கேசட் சுற்றுவதைப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை மட்டும் 'ங்கா ங்கா' என்றது. அதுவும் ஏறவில்லை.

அது முடிந்ததும் பெரியவர், "வேற இன்னா இருக்குது?" என்றார்.

குதிரையைப் போட்டேன். அவன் கம்ப்யூட்டர், அவன் திருகி வைத்த டேப் ரெக்கார்டர். ஒரே தடவையில் ஏறியது. குதிரை ஓட ஆரம்பித்தது, கடைகள் நகர்ந்தன. பெரியவர் குனிந்து பார்த்தார். "இது தேரடி. இது... அட, நம்ம கடை. கல்லாவுல யாரு, நானா?" என்றார். கடை போய்விட்டது. திரும்பி வரும் வரை காத்திருந்தார். வந்ததும் மறுபடி விரலால் காட்டினார். "எவ்ளோ பட்டன் காணாம போச்சுன்னு அவனைத் திட்டினேன் தம்பி" என்றார்.  குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் வழியை அவன் எழுதவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்தால்தான் நிற்கும். அணைக்க எனக்குக் கை வரவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கிரிவலக் கேசட் சுற்றவில்லை. வேலூர்க்காரர் தன் பெட்டியை விற்றுவிட்டார். நான் மற்றவர்கள் மாதிரிப் பேசுவதை விடவில்லை. விட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பாயை மட்டும் தொடவில்லை. அந்தப் பெண் எதற்குப் பயந்தாளோ அது எனக்கு நடந்துவிட்டது. அவனை நினைத்தால் ஒரு குரல் கேட்கிறது. அது அவனா, அவன் மாதிரிப் பேசுகிற நானா என்று எனக்கே தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் கைத் தையல் மிஷினுக்கு நூல் வாங்கக் கடைக்குப் போனேன். குழந்தை வளர்ந்து, கல்லா மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். பெரியவர் என்னை அவளிடம் அறிமுகப்படுத்தினார்.

"நீங்க எல்லார் மாதிரியும் பேசுவீங்களாமே, தாத்தா சொன்னாரு" என்றாள்.

தாசில்தார் மாதிரி பேசிக் காட்டினேன். கைதட்டிச் சிரித்தாள். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் செய்தேன். அதற்கும் சிரித்தாள்.

"எங்க அத்தா மாதிரி?"

பெரியவர் நூல்கண்டை எடுக்க உள்பக்கம் திரும்பிக்கொண்டார். எடுத்துக்கொண்டு திரும்பவேயில்லை.

"அது எனக்கு வராதும்மா" என்றேன்.

அவள் மேஜை ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். ஆறுதல் சொல்கிற மாதிரி என் கையைத் தட்டினாள்.

"கத்துக்கோங்க" என்றாள்.